ஜாவா படிவம் தமிழ்ப் பெயரைத் திருப்பி அனுப்பினால்

வியாசர்பாடியில் கால்பந்துப் பயிற்சிக்குப் பெயர் பதியும் இணையப் படிவம் ஒன்றை ஜாவாவில் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தகவல் சேமிக்கப்படாவிட்டால், சரிபார்ப்பு நிரலில் கைவைக்கும் முன், தகவல் சர்வருக்குப் போகிறதா என்று பாருங்கள். உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துப் படிவத்தை அனுப்பினால், எந்தப் புலம் (நிரப்பும் கட்டம்) எந்த மதிப்போடு போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

புலம் அங்கே இல்லையென்றால் பிழை எச்டிஎம்எல் பக்கத்தில் இருக்கிறது. ஐடி என்னும் பண்பை மட்டும் கொடுத்து நேம் என்னும் பண்பைக் கொடுக்காத புலத்தையும், டிசேபிள்டு (முடக்கியது) என்று குறித்த புலத்தையும் உலாவி அனுப்புவதே இல்லை. புலம் போயும், அதன் மதிப்பைச் சர்வரில் படிக்கும் கெட்பாராமீட்டர் 'நல்' (மதிப்பே இல்லை) தருகிறதென்றால், புகைப்படம் ஏற்றுவதற்காகப் படிவத்தைக் கோப்பையும் அனுப்பும் மல்டிபார்ட் வகைக்கு மாற்றிவிட்டு, அதைச் சர்வரில் பெறும் ஜாவா நிரலான சர்வ்லெட்டில் மல்டிபார்ட்கான்ஃபிக் குறிப்பைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். எழுத்துகள் சிதைந்து வந்தால், முதல் புலத்தைப் படிப்பதற்கு முன்பே செட்கேரக்டர்என்கோடிங் மூலம், எழுத்துக் குறியீட்டு முறை யூடிஎஃப்-8 என்று அறிவிக்க வேண்டும். படித்த பிறகு அறிவித்துப் பயனில்லை.

சரிபார்ப்பில் நம்மவர்களை அதிகம் வதைப்பது, பெயரில் எந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் பேட்டர்ன்தான். ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும் பேட்டர்னை நீக்கி, எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யூனிகோடின் 'எல்' வகையை வைத்தாலும் 'முருகன்' தேறாது. ஏனெனில் மு-வில் உள்ள உகரக் குறியும் ன்-இன் மேலுள்ள புள்ளியும் 'எம்' என்னும் தனி வகையைச் சேர்ந்தவை. இரு வகைகளையும், தலைப்பெழுத்தை அடுத்து வரும் முற்றுப்புள்ளியையும், இடைவெளியையும் சேர்த்தே அனுமதியுங்கள். நீள வரம்பையும் தாராளமாக வையுங்கள்: 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, குறிகளையும் தனித்தனியாக எண்ணும் ஜாவாவின் லெங்த் கணக்கில் 5.

பழைய எண், புதிய எண் இரண்டையும் சாய்கோடிட்டு எழுதுவது சென்னை முகவரியின் வழக்கம் என்பதால், முகவரிப் புலம் சாய்கோட்டைத் தடுக்கக் கூடாது. பின்கோடை 600 039 என்று இடைவெளி விட்டு எழுதுவோரும் உண்டு; இடைவெளியை நீக்கிவிட்டு ஆறு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புலத்தைச் சரிபார்க்கும் குறிப்புகளில் நாட்நல், எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தை அனுமதித்துவிடும். கட்டாயப் புலத்துக்கு, அதையும் மறுக்கும் நாட்பிளாங்க் தேவை. ஜாவா இணையச் செயலிகளுக்கான கட்டமைப்பான ஸ்பிரிங் பூட் 3-க்கு மாறியவர்கள் ஜாவாக்ஸ் வேலிடேஷன், ஜாவாக்ஸ் சர்வ்லெட் என்று தொடங்கும் பழைய இறக்குமதிகளில் ஜாவாக்ஸ் என்பதை ஜகார்த்தா என்று மாற்றியாக வேண்டும். பிழைகளைத் தாங்கிவரும் பைண்டிங்ரிசல்ட், சரிபார்க்கச் சொல்லும் வேலிட் குறித்த அளவுருவுக்கு அடுத்தே வர வேண்டும். இல்லாவிட்டால் பிழைச் செய்திக்குப் பதில், தவறான கோரிக்கை என்னும் 400 பக்கம்தான் வரும்.

நிராகரிக்கும்போது, நிரப்பிய மதிப்புகளை அழிக்காமல், பிழையைத் தமிழில் அந்தந்தப் புலத்தின் கீழேயே காட்டுங்கள்.