பத்மினிக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்த கதை

அப்பாவின் 1984 மாடல் பிரீமியர் பத்மினி காரை, விலை குறைவு என்று ஒரு பட்டறையில் பெயிண்ட் அடிக்க விட்டேன். ஒரே மழைக்காலம்தான், கதவடியில் கொப்புளம் கிளம்பிவிட்டது. நகத்தால் கீறினால் உள்ளே துரு, அதன் மேல் அப்பம் மாதிரி பட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை).

அடுத்த தடவை, துணி சுற்றிய காந்தத்தோடு நான்கு பட்டறை ஏறி இறங்கி, அங்கே வேலை முடிந்து நின்ற பழைய வண்டிகளின் கதவடியில் வைத்துப் பார்த்தேன் (பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் பிடிக்காது). அப்புறம் கண்ணாடி ரப்பரை லேசாகத் தூக்கினேன், ஓரத்தில் பழைய நிறம் தெரிந்தால் கழற்றாமல் டேப் ஒட்டியே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசியாகப் பார்த்த மேஸ்திரி, "தகரம் வரைக்கும் சுரண்டிப் பாக்காம விலை சொல்ல மாட்டேன் சார்" என்றார். அவரிடமே விட்டேன். ஒன்றரை மாதம் இழுத்தடித்தார், சரி, போகட்டும். மூன்று மழை பார்த்தாச்சு, கதவடி அப்படியே இருக்கிறது.