முட்டைகோஸுக்குத் துணையாகக் கடுகு, தக்காளி, மல்லி

சமவெளித் தோட்டங்களில் முட்டைகோஸ் நடுவதற்கு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஏற்ற காலமாகும். ஆனால் துணைப்பயிர்களை நாற்று நடும் அன்று யோசிப்பது தாமதம். அவற்றுள் முக்கியமான இரண்டும் கோஸுக்கு முன்பே மண்ணில் வேர்விட்டிருக்க வேண்டும்.

முதலாவது கடுகு. கோஸை அதிகம் பாழாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, கடுகின் காரநெடியால் ஈர்க்கப்பட்டு அதில் முட்டையிடுவதை விரும்பும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்த முறைப்படி, 25 வரிசை கோஸுக்கு 2 வரிசை கடுகு போதுமானது. கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பு ஒரு வரிசையும், நட்ட 25ஆம் நாள் மற்றொரு வரிசையும் விதைக்க வேண்டும். முதல் வரிசை முற்றிக் காயத் தொடங்கும்போது இரண்டாவது இளந்தழையோடு நிற்கும். வீட்டுத் தோட்டத்தில் பாத்தியைச் சுற்றி வரப்போரமாக விதைத்தாலே போதும். அஞ்சறைப்பெட்டிக் கடுகே பெரும்பாலும் நன்றாக முளைக்கும்.

விதைத்ததோடு வேலை முடிவதில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை கடுகு இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இளம்பச்சைப் புழு இலையின் ஒரு பக்கத் தோலை மட்டும் விட்டுச் சுரண்டித் தின்றிருப்பதால், அந்த இடம் கண்ணாடித்தாள் போலத் தெரியும். தொட்டால் புழு துள்ளிப் பின்வாங்கி, மெல்லிய நூலில் தொங்கும். அத்தகைய செடிகளைப் பிடுங்கிச் சோப்புநீரில் அமிழ்த்திவிட வேண்டும், அல்லது லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைத் தூளை இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டிய கரைசலைச் சிறிது காதி சோப்புடன் மாலை வேளையில் தெளிக்க வேண்டும். கவனியாமல் விட்ட கடுகு வரிசை, புழுவை வளர்த்துக் கோஸுக்கே அனுப்பிவைக்கும். பார்க்க நேரமில்லாதவர்கள் கடுகு விதைக்காமலிருப்பதே மேல்.

இரண்டாவது தக்காளி. கோஸுக்கு 30 நாள் முன்னதாக நட்டு, ஒரு வரிசை தக்காளி, ஒரு வரிசை கோஸ் என மாற்றி மாற்றி அமைத்தால், தக்காளி இலையின் நெடி அந்துப்பூச்சியை ஓரளவு குழப்பும். சிறிய பாத்தியாயின் தக்காளிக்குக் கொம்பு நட்டு வடபுறம் நிறுத்துவது நல்லது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் கோஸின்மீது நிழல் விழாது.

கொத்தமல்லியின் பயன் அதன் பூவில்தான் உள்ளது. அந்தச் சிறு வெண்பூக்களின் தேனை நாடி வரும் நுண்குளவிகள் புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும். உடன் வரும் சிலவகை ஈக்களின் புழுக்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். ஆகவே தழை முழுவதையும் ரசத்துக்குப் பறித்துவிடாமல் ஒரு பகுதியைப் பூக்க விட வேண்டும்.

பலரும் மூலையில் ஒன்றிரண்டு செண்டுமல்லி வைத்து நிம்மதி கொள்கிறார்கள். நெருக்கமாக வளர்த்தால் அது மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நூற்புழுவைக் குறைக்கும் என்பது உண்மையே. ஒற்றைச் செடி அழகுக்கு மட்டுமே உதவும்.

காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி ஆகியவை கோஸின் குடும்பத்தையே சேர்ந்தவை என்பதால், அவற்றை அருகிலும் அடுத்த பட்டத்தில் அதே பாத்தியிலும் தவிர்த்து, அவரை அல்லது வெங்காயம் போடலாம்.