ஆண்ட்ராய்டா, ஐபோனா? தாவும் முன் ஒரு தாளும் பேனாவும்

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்கா சிங்கப்பூர் தேக்கா சந்தையிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, இந்தப் போனே வேண்டாம்டா. எதைத் தொட்டாலும் சுத்திக்கிட்டே நிக்குது. நானும் ஐபோனுக்கு வந்துடுறேன்." பின்னணியில் மீன் வெட்டும் சத்தம். பேநவ் மூலம் காசு அனுப்ப வேண்டும், செயலி திறக்கவில்லை, கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். ஆத்திரம் வரத்தான் செய்யும்.

அன்று மாலை போனை வாங்கிப் பார்த்தேன். 128 ஜிபி போனில் ஒரு ஜிபிகூட மிச்சமில்லை. வாட்ஸ்அப் மட்டும் 43 ஜிபி. குடும்பக் குழுவில் தினமும் வந்து விழுகிற காலை வணக்க ரோஜாக்கள், வெற்றிலையில் விளக்கேற்றிய வெள்ளிக்கிழமை வாழ்த்துகள், யாரோ எங்கோ எடுத்த கும்பாபிஷேகக் காணொளிகள். அரைமணி நேரம் உட்கார்ந்து அழித்தோம், போன் ஓட ஆரம்பித்துவிட்டது. அக்காவுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் மிச்சம்.

எந்த பிராண்ட் உசத்தி என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தச் சண்டைக்கு யூடியூப் இருக்கிறது. உங்கள் குறை பிராண்டை மாற்றினால்தான் தீருமா, மாற்றினால் எதையெல்லாம் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும், இந்த இரண்டையும் வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். சாம்சங்கிலிருந்து ஒப்போவுக்கோ ஷாவ்மியிலிருந்து பிக்சலுக்கோ போவது பெரிய விஷயமில்லை. எல்லாமே ஆண்ட்ராய்டு. அதே கூகல் கணக்கைப் போட்டால் தொடர்பு எண்களும் செயலிகளும் பின்னாலேயே வந்துவிடும். பக்கத்துப் புளோக்குக்கு வீடு மாறுவது மாதிரி. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, அங்கிருந்து இங்கோ போவது காஸ்வேயைத் தாண்டுவது மாதிரி. தூரம் குறைவுதான், ஆனால் சோதனைச்சாவடி உண்டு. கீழே இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்கு.

படி 1: குறையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இப்போதைய போனில் பிடிக்காததை ஒரு வாரம் குறித்துவையுங்கள். "போன் சரியில்லை" என்று எழுதக் கூடாது. "மதியம் 3 மணிக்கே 20 விழுக்காடு", "பேரன் ஓடும்போது எடுத்தால் படம் கலங்குகிறது", "அலுவலகத்தில் எல்லாரும் ஏர்டிராப்பில் அனுப்புகிறார்கள், எனக்கு மட்டும் தனியாக வாட்ஸ்அப்" (ஏர்டிராப் என்பது ஆப்பிள் கருவிகள் தங்களுக்குள் நேராகக் கோப்பு அனுப்பும் வசதி) என்று நேரத்தோடும் இடத்தோடும் எழுதுங்கள். பாதிக் குறை எழுதும்போதே சிறுத்துவிடும்.

படி 2: மலிவான மருந்தை முதலில் கொடுத்துப் பாருங்கள்

மெதுவாக ஓடுகிறதா? வாட்ஸ்அப் அமைப்புகளில் 'சேமிப்பகமும் தரவும்' என்ற பகுதிக்குள் போய், சேமிப்பகத்தை நிர்வகிக்கும் இடத்தைத் திறங்கள். 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளையும் பலமுறை அனுப்பப்பட்டு வந்தவற்றையும் அதுவே தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். அக்காவின் போனில் ஒரே காணொளி ஏழு பேரிடமிருந்து ஏழு முறை வந்திருந்தது.

பேட்டரி நிற்கவில்லையா? ஐபோனில் அமைப்புகளுக்குள் பேட்டரியின் நலம் எத்தனை விழுக்காடு என்று தெரியும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முறை முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது, 15 முதல் அது 1,000 சுற்று என்று ஆப்பிள் சொல்கிறது. 80க்குக் கீழே இறங்கிவிட்டால் உங்கள் பிரச்சினை பிராண்டே இல்லை, பேட்டரிதான். ஆண்ட்ராய்டுக்கும் இதே கதைதான். பேட்டரி மாற்ற ஆகும் செலவு, புது போன் விலையில் சின்னத் துண்டு.

இதற்குப் பிறகும் தாளில் இரண்டு மூன்று குறை அடிபடாமல் நிற்கிறதென்றால், சரி, அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: கட்டுகளை எண்ணுங்கள்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. சிங்கப்பூரில் போன் என்பது பாதி அடையாள அட்டை, பாதி பணப்பை.

வங்கியின் டிஜிட்டல் டோக்கனை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது பணம் அனுப்புவது நீங்கள்தான் என்று வங்கிச் செயலிக்குள்ளேயே உறுதிசெய்யும் வசதி. 2021 கடைசியில் குறுஞ்செய்தி மோசடியில் பலர் சேமிப்பை இழந்தார்கள். அதையடுத்து 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சில கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன. அதில் ஒன்று, புதிய போனில் டோக்கன் போட்டால் அது முழுமையாக வேலை செய்யக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. நம் பணத்துக்குத்தான் பாதுகாப்பு. ஆனால் நான் மாறிய அன்று இதை மறந்துபோனேன். ஞாயிறு இரவு 11 மணிக்குச் சாவகாசமாக டோக்கனைப் புது போனுக்கு மாற்றினேன். திங்கள் காலை 9 மணிக்குள் ஒருவருக்கு வாடகை முன்பணம் அனுப்பியாக வேண்டும், அவரோ என் பட்டியலில் இல்லாத புதுப் பெறுநர். பதினோரு மணி வரை கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். பணம் அனுப்ப வேண்டிய வேலை எதுவும் இல்லாத சனிக்கிழமை காலையில் இதைச் செய்யுங்கள். எத்தனை வங்கியில் கணக்கு இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அரசாங்கச் சேவைகளுக்கான நம் மின் அடையாளமான சிங்பாஸையும் புது போனில் புதிதாக அமைக்க வேண்டும். முகத்தைச் சரிபார்க்கச் சொன்னால் நல்ல வெளிச்சத்தில் நில்லுங்கள், கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். கைவிரலும் முகமும் பழகிப்போனதால் கடவுச்சொல்லை நாம் தட்டியே வருடக்கணக்கில் ஆகியிருக்கும்.

அடுத்தது வாட்ஸ்அப். பலருக்கு இதுதான் உயிர்நாடி. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தன் பிரதியை கூகல் டிரைவில் வைக்கிறது, ஐபோன் அதைப் படிக்காது. 2022 முதல் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலி வழியாக உரையாடல்களைக் கொண்டுபோகலாம். ஆனால் ஐபோனை முதல்முறை அமைக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். ஆசையில் அவசர அவசரமாக ஐபோனைத் திறந்து நாலு படம் எடுத்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்தால், போனை மொத்தமாக அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டு போனும் சார்ஜரில் இருக்கட்டும், ஒரே வைஃபையில் இருக்கட்டும். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வருபவர்களுக்குக் கம்பி வேண்டும். பழைய ஐபோன் என்றால் ஒரு முனை லைட்னிங், மறுமுனை யூஎஸ்பி-சி. ஐபோன் 15 முதல் இரண்டு முனையும் யூஎஸ்பி-சி. இன்னொன்று, ஐபோனை விட்டு வருமுன் ஐமெசேஜை (ஐபோன்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஆப்பிளின் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் குறுஞ்செய்தி உங்களுக்கு வராமல் போகலாம்.

ஊர் சிம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். இந்திய வங்கியின் ஓடிபிக்காகவே பழைய ஊர் நம்பரை உயிரோடு வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! பல ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு சிம் அட்டை போடலாம். இங்கே விற்கும் ஐபோன்களிலோ அதிகபட்சம் ஒரே ஒரு அட்டைக்குத்தான் இடம், மற்றது இ-சிம், அதாவது அட்டையே இல்லாமல் போனுக்குள் பதியும் சிம். அதனால் இங்குள்ள எண்ணை இ-சிம் ஆக்கிவிட்டு, ஊர் சிம்முக்கு அந்த இடத்தைக் கொடுப்பதுதான் நான் கண்ட வழி. இந்தியாவில் பணம் அனுப்பப் பயன்படும் யூபிஐ செயலிகள் புது போனில் பதிவு செய்யும்போது, வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். இங்கே ரோமிங் இல்லாமல் அது நடக்காது. ஊருக்குப் போகும் பயணம் பக்கத்தில் இருந்தால் அந்த ஒரு வேலையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்கடிகாரம்: ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் பேசும். 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் சாம்சங் கடிகாரங்கள் ஆண்ட்ராய்டோடு மட்டும்தான். காசு கொடுத்து வாங்கிய செயலிகளும் கூட வராது, அங்கே மறுபடி வாங்க வேண்டும்.

போனைத் தட்டிப் பேருந்து ஏறுபவர்களுக்கு ஒரு வரி. ஒரே வங்கி அட்டையாக இருந்தாலும், போனில் இருப்பதும் பிளாஸ்டிக் அட்டையும் கணக்கில் வேறு வேறு. போனைத் தட்டி ஏறி அட்டையைத் தட்டி இறங்கினால் கட்டணம் குழம்பும். புதுப் போன் வந்த முதல் வாரத்தில் இது எல்லாருக்கும் நடக்கிறது.

படி 4: கடையில் பத்து நிமிடம் தமிழில் தட்டிப் பாருங்கள்

கடைக்குப் போனால் எல்லாரும் கேமராவைத்தான் திறப்பார்கள். நீங்கள் விசைப்பலகையைத் திறங்கள். ஐபோனில் 2013 முதலே தமிழ் உள்ளே இருக்கிறது. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் பெறும் அஞ்சல், நேரடியான தமிழ்99 என இரண்டு முறைகள். முத்து நெடுமாறனின் செல்லினத்தில் பழகியவர்களுக்கு அஞ்சல் உடனே கைவரும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலோர் பயன்படுத்துவது கூகலின் விசைப்பலகையான ஜிபோர்டு. அதில் தமிழில் பேசியே தட்டச்சு செய்யலாம், மொழிப் பட்டியலில் சிங்கப்பூர்த் தமிழ் என்று தனியாகவே உண்டு. என் அம்மா அதில்தான் செய்தி அனுப்புகிறார். "அரிசி ஊறப் போட்டாச்சா" என்று போனைப் பார்த்து அதட்டுவார், எழுத்து வந்துவிடும். நீங்கள் எப்படி எழுதுகிறீர்களோ அதே மாதிரி நாலு வரி அந்தக் கடைப் போனில் எழுதிப் பாருங்கள். ழகரம் தேடி விரல் தடுமாறுகிறதென்றால், தினம் ஐம்பது தடவை தடுமாறப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

வயதானவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு வெளியிலிருந்து செயலியை இறக்கி, அதன்வழி வங்கிப் பணத்தைப் பறிகொடுத்த மோசடிகள் இங்கே ஆண்ட்ராய்டு போன்களில்தான் நடந்தன. 2024இல் கூகல் அத்தகைய செயலிகளைத் தடுக்கும் சோதனையை முதலில் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. எதைக் கண்டாலும் தொடும் பெரியவர் என்றால் ஐபோன் பக்கம் சாய்வேன், அது என் கருத்து.

படி 5: கணக்கு

விலையைப் பார்க்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள். 1,300 வெள்ளிப் போனை 6 ஆண்டு வைத்திருந்தால் மாதம் 18 வெள்ளி. 500 வெள்ளிப் போனை 2 ஆண்டில் தூக்கிப் போட்டால் மாதம் கிட்டத்தட்ட 21 வெள்ளி. அதனால் எத்தனை ஆண்டு மென்பொருள் மேம்பாடு வரும் என்பதுதான் கேள்வி. 2023இல் வந்த பிக்சல் 8க்கும் 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24க்கும் 7 ஆண்டு என்று அந்தந்த நிறுவனமே வாக்குக் கொடுத்தது. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு 2024இல் ஐஓஎஸ் 18 வந்தது. மலிவு விலை ஆண்ட்ராய்டு மாடல்களில் இது பெரும்பாலும் குறையும், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இதோடு கடிகாரம், உறை, மறுபடி வாங்கும் செயலிகள் எல்லாவற்றையும் கூட்டி, பழைய போனுக்குக் கிடைப்பதைக் கழியுங்கள். இரண்டாண்டு ஒப்பந்தம் பாக்கியிருந்தால் அதை முறிக்கும் கட்டணமும் சேரும்.

ஊரிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருகிறார், விலை குறைவு என்றால் இரண்டு கேள்வி. உத்தரவாதம் இங்கே செல்லுமா? வோல்ட்டி அழைப்பு, அதாவது 4ஜி வழியாகப் போகும் சாதாரணத் தொலைபேசி அழைப்பு, இங்குள்ள நிறுவனத்தோடு வேலை செய்யுமா? 3ஜி 2024இல் இங்கே நிறுத்தப்பட்டுவிட்டதால் வோல்ட்டி இல்லாத போனில் வாட்ஸ்அப் ஓடும், சாதாரண அழைப்பு போகாது. உள்ளூர்க் கடையில் வாங்கினால் 2012 முதல் நடப்பிலுள்ள 'லெமன் சட்டம்' துணைக்கு வரும். 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், வாங்கும்போதே பழுது இருந்ததாகவே பொதுவாகக் கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. ரசீதைத் தொலைக்காதீர்கள்.

படி 6: தாளைப் பார்த்து முடிவு

இடப்பக்கம் அடிபடாத குறைகள், வலப்பக்கம் கட்டுகள், கீழே மாதக் கணக்கு. புது போன் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டாலும் அந்தக் குறைகள் இன்னும் உறுத்துமா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு உறுத்தின. வீட்டில் எல்லாரும் ஐபோன், மகளின் பள்ளிப் படங்கள் எனக்கு மட்டும் வந்து சேர இரண்டு நாள் ஆகும், அதனால் மாறினேன். அக்கா மாறவில்லை.

மாறுவது என்று ஆகிவிட்டால், பழைய போனைக் கடையில் அன்றே கொடுத்துவிடாதீர்கள். தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று சொல்வார்கள், சொல்லட்டும். ஒரு வாரம் இரண்டும் கையில் இருக்கட்டும். எல்லா வங்கியும் திறக்கிறது, பழைய உரையாடல் தெரிகிறது, படங்கள் வந்துவிட்டன என்று பார்த்த பிறகு, பழைய போனில் ஆப்பிள் அல்லது கூகல் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், அதன் பிறகு அழியுங்கள். இந்த வரிசை மாறினால் போன் பூட்டிக்கொள்ளும், வாங்குபவர் உங்களைத்தான் தேடி வருவார்.