ஓவராயில் முடிந்த பழைய ராலே சைக்கிளை வெள்ளோட்டம் விடுவது எப்படி?

தாத்தா ஓட்டிய ராலே சைக்கிள் 12 வருடம் மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. பிரித்து, துரு எடுத்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்துப் பூட்ட எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கடைசி நட்டை முறுக்கியதும் ஏறி ஊரைச் சுற்றத்தான் மனசு துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். புதிதாகப் பூட்டிய பாகங்கள் ஆள் பாரம் ஏறிய பிறகுதான் சரியாக உட்காரும். கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கி முறுக்கி, மறுபடி ஓட்டுவதுதான் வெள்ளோட்டம்.

கம்பி பிரேக்கும் (கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பிகளே இழுக்கிற பிரேக்) 28 அங்குலச் சக்கரமும் உள்ள சைக்கிளை வைத்துச் சொல்கிறேன். பழைய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான்.

1. ஸ்டாண்டு போட்டுப் பார்ப்பது

டயரில் காற்று 45 பவுண்டு அளவுக்கு இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி அடியுங்கள். வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாயான வால்டியூப் பழசானால் காற்று மெல்ல இறங்கும். வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் மாற்றிவிடுங்கள்.

ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்துங்கள். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 இருக்கும். தொளதொளவென்று இருப்பது கைக்கே தெரியும்.

செயினை நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் இதைப் பாருங்கள். பழைய பல்சக்கரம் சரியான வட்டமாக இருக்காது; ஓரிடத்தில் தளர்ந்த செயின் இன்னோரிடத்தில் விறைப்பாக நிற்கும். விறைப்பான இடத்தை வைத்துத்தான் செயினைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். சக்கரம் நிற்க ஹேண்டில்பார் மட்டும் திரும்பினால் ஓட்டவே கூடாது.

2. காட்டர் பின்

பழைய சைக்கிளில் எனக்கு அதிகம் பயம் இதில்தான். பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கையான கிராங்கை நடு அச்சோடு பூட்டுகிற ஆப்பு இது. நட்டை முறுக்கி ஆப்பை உள்ளே இழுக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் மரைதான் போகும். கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை நேராக முட்டுக் கொடுத்து, ஆப்பைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்கப் பால்ரஸ் மேல் விழும். ஆப்பு இறங்கிய பிறகு, அது நகராமல் இருக்கத்தான் நட்டு.

என் முதல் வெள்ளோட்டத்தில் ஒரு தடவை அடித்ததோடு விட்டுவிட்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் ஒவ்வொரு மிதிக்கும் காலடியில் ‘டொக்’ என்று இடித்தது. வீடு தெரிகிற தூரம்தானே என்று மிதித்தே வந்து சேர்ந்தேன். கழற்றிப் பார்த்தால் ஆப்பின் தட்டையான பக்கம் குழிந்துபோயிருந்தது. அந்த இடி கேட்டதுமே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

3. முதல் 200 மீட்டர்

விடிகாலையில், வண்டி வராத சமதளச் சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போய், முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். அந்தச் சக்கரம் சுழலாமல் நிற்க வேண்டும். பிறகு ஏறி, மெதுவான வேகத்தில் பத்துப் பதினைந்து தடவை பிரேக் பிடித்து நிறுத்துங்கள். புது பிரேக் கட்டை ரிம்மின் உட்பக்கத்தோடு உரசிப் பழகிய பிறகுதான் முழுசாகப் பிடிக்கும். குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் வழுக்கும். அதனால் மழை நாளில் வெள்ளோட்டம் வேண்டாம்.

4. காது கொடுத்துக் கேட்பது

சத்தம் கேட்டால் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சைக்கிளை உருள விடுங்கள். சத்தம் நின்றால் கோளாறு பெடல், கிராங்க், செயின் பக்கம். தொடர்ந்தால் சக்கரத்திலோ மட்கார்டிலோ இருக்கும். உட்காரும்போது மட்டும் கிரீச்சிட்டால் சீட்டைப் பாருங்கள். புதிதாகக் கட்டிய சக்கரத்தில் முதல் சில நிமிடம் ‘டிங் டிங்’ என்று கேட்கும். கம்பிகள் முறுக்கு விட்டு உட்காருகிற சத்தம் அது, பயப்பட வேண்டாம்.

5. திரும்பி வந்ததும்

காட்டர் பின்னை மறுபடி அடித்து நட்டை முறுக்குங்கள். சக்கர நட்டு, ஹேண்டில்பார், சீட் எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம். வழக்கம்போல வலப்பக்கம் முறுக்கினால் கழன்றுவிடும். இதையே 5 கிலோமீட்டரில் ஒரு தடவையும் 50 கிலோமீட்டரில் ஒரு தடவையும் செய்யுங்கள். 50 ஆனதும் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துவிட்டால் (கோணலை நிமிர்த்திவிட்டால்), அதற்கப்புறம் சந்தைக்குக்கூட எடுத்துப் போகலாம்.