பாதுகாப்புப் பாலிசி டெம்ப்ளேட்டுகள்: ஒருமுறை எழுதி, பலருக்குப் பயன்படுத்தும் முறை

ஒரு நிறுவனத்துக்கு எழுதிய தகவல் பாதுகாப்புப் பாலிசியை (தகவல்களைக் காக்க ஊழியர்கள் பின்பற்ற வேண்டிய விதிகள் அடங்கிய ஆவணம்) நகலெடுத்து அடுத்த நிறுவனத்துக்குக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் பழைய நிறுவனத்தின் பெயர் அப்படியே கிடந்தது. கண்டுபிடித்தவர் ஆடிட்டர். அதன்பிறகு பழகிக்கொண்ட முறை இது.

1. கொஞ்சமாகத் தொடங்குங்கள். பாஸ்வேர்டு, அணுகல் உரிமை, பேக்கப், சம்பவ அறிவிப்பு (ஹேக்கிங் போன்றவை நடந்தால் தெரிவிப்பது) ஆகிய நான்கும் முதலில் போதும். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001-இன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள் உள்ளன என்பதற்காக 93 ஆவணம் எழுத உட்கார வேண்டாம். ஒரே பாலிசி பல கட்டுப்பாடுகளுக்குப் பதில் சொல்லும்.

2. மாறுவதைப் பிரித்தெடுங்கள். முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. இந்த வரியைப் பாருங்கள் (செர்ட்-இன் என்பது கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பு):

"சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் ஐடி மேலாளர் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும்."

டெம்ப்ளேட்டில், மாறும் சொற்களுக்குப் பதில் [[ ]] குறிக்குள் வெற்றிடம் விட்டு, இது இப்படி இருக்க வேண்டும்:

"சம்பவம் தெரியவந்த [[கெடு]] மணி நேரத்துக்குள் [[பொறுப்பாளர்]] [[அமைப்பு]] என்ற அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்."

'என்ற அமைப்புக்கு' என்று ஏன் நீட்டினேன்? தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். வெற்றிடத்தோடு 'க்கு' சேர்த்தால், பெயரை நிரப்பும்போது 'செர்ட்-இன்க்கு' என்று வந்து நிற்கும்.

3. வெற்றிடங்களை நிரப்பும் மதிப்புகளுக்குத் தனிக் கோப்பு. நிறுவனத்துக்கு ஒன்று. 6 மணி நேரம், லாக் பதிவுகளை (கணினிகளில் நடந்தவற்றின் குறிப்புகளை) 180 நாள் வைத்திருப்பது இரண்டும் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவில் உள்ளவை. இதுபோன்ற சட்ட எண்களை மட்டும் எல்லாருக்கும் பொதுவான கோப்பில் வையுங்கள். நாளை உத்தரவு மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

4. தலைப்பகுதி. வெர்ஷன் எண், பொறுப்பாளர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, எந்தக் கட்டுப்பாட்டுக்கானது என்பவை கட்டாயம். கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' (Git) மென்பொருளில் வைத்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகப் பதிவாகும்.

5. வருடம் ஒருமுறையாவது படியுங்கள். '90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று' என்ற விதி பல டெம்ப்ளேட்டுகளில் இன்னும் இருக்கிறது. பாஸ்வேர்டு கசிந்ததாகத் தெரிந்தால் தவிர, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் பலர் கடைசி எண்ணை மட்டும்தான் மாற்றுவார்கள். வாடிக்கையாளர் பிரதியில் பிழை தெரிந்தாலும் முதலில் டெம்ப்ளேட்டைத் திருத்துங்கள், அப்புறம் பிரதியைப் புதிதாக எடுங்கள்.

6. அனுப்பும் முன் இரண்டு தேடல். ஆவணத்தில் '[[' எங்காவது மிச்சம் இருக்கிறதா? வேறு வாடிக்கையாளரின் பெயர் எங்காவது இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், சரி, அனுப்பலாம்.