பழைய சொகுசுக் காரின் டிரிப் கம்ப்யூட்டர்: பெட்டியை மாற்றுவதற்கு முன்

சராசரி வேகம், மைலேஜ் போன்றவற்றைத் திரையில் காட்டும் டிரிப் கம்ப்யூட்டரில், சராசரி வேகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் தெரிந்தவுடன் "பெட்டியே போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்தப் பெட்டி தானாக எதையும் அளப்பதில்லை. வேக சென்சாரின் துடிப்புகள், இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் திறந்திருக்கும் நேரம், டேங்க் மிதவையின் உயரம் ஆகியவற்றை வாங்கிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். ஆகவே எந்தெந்த எண்கள் சேர்ந்து கெட்டிருக்கின்றன என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சராசரி வேகம், மைலேஜ், மீதி எரிபொருளில் ஓடும் தூரம் மூன்றும் ஒன்றாகப் போயிருந்தால் வேகத் துடிப்பு வந்து சேரவில்லை என்று பொருள். ஸ்பீடாமீட்டர் சரியாக வேலை செய்கிறது என்றால், அதற்கும் டிரிப் கம்ப்யூட்டருக்கும் ஒரே சென்சார் உள்ள காரில், சந்தேகம் ஒயர் மீதுதான். வேகம் சரியாக இருந்து மைலேஜ் மட்டும் வராவிட்டால் எரிபொருள் சிக்னலைத் தேடுங்கள். ஓடும் தூரம் மட்டும் தாறுமாறாகத் தாவினால் மிதவையின் கை உரசிச் செல்லும் மின்தடைத் தடம் தேய்ந்திருக்கலாம்.

வெளி வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டுகிறதா? பெரும்பாலும் அந்த சென்சாரின் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. பல கார்களில் அது முன் பம்பருக்குப் பின்னால், சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்தில் இருக்கும். கழற்றி, மல்ட்டிமீட்டரை ஓமில், அதாவது மின்தடை அளக்கும் நிலையில், வைத்து, சென்சாரை உள்ளங்கையில் பொத்திக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற எண் மெல்ல இறங்கினால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. கனெக்டரைத் திறந்து பச்சை பூத்த பின்களைத் துடையுங்கள்.

சாவியை அணைத்ததும் எல்லாம் பூஜ்யமானால், நினைவுக்கான நிரந்தர 12 வோல்ட் வரவில்லை. ஃபியூஸைப் பாருங்கள். பிறகு எர்த்: கம்ப்யூட்டரை இயக்கிவைத்து, அதன் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. சிக்னல் ஒயர்களில் மட்டும் டெஸ்ட் லாம்ப் வைக்கவே வைக்காதீர்கள். பல்பு இழுக்கும் மின்னோட்டம் இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கெடுத்துவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பெட்டியைத் தொடலாம். மின்சாரம் போய்வந்ததும் ரேடியோ கேட்கும் ரகசிய எண் (code) கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பேட்டரியைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள காரில் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். பெட்டியைத் திறந்து, உள்ளே கனெக்டர் பின்களின் அடியை உருப்பெருக்கியில் பாருங்கள். சாலிடரில் மயிரிழை போல ஒரு கருவளையம் தெரிந்தால் அதுதான் விரிசல். பழைய சாலிடரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். திரை மங்கலுக்குப் பெரும்பாலும் பின்னாலுள்ள சிறு பல்புதான் காரணம்.

மாட்டியதும் ரீசெட் செய்யுங்கள். டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும்போது ஊற்றிய லிட்டரைக் கொண்டு மைலேஜைக் கணக்கிட்டு, திரை காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.