லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாதீர்கள், பிரவுசரிடம் கேளுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருத் தம்பி ஒருவர், காசிமேட்டு மீன் விலையைக் காட்டும் சின்ன வெப் அப்ளிகேஷன் எழுதியிருந்தார். லேப்டாப்பில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று விலை வரிசையாக வந்தது. அதே வைஃபையில் அம்மாவின் போனில் 192.168.1.7:5500 என்று (லேப்டாப்பின் ஐபி எண், அதன் பின் போர்ட் என்ற வாசல் எண்) திறந்தால் பக்கம் வருகிறது, விலை மட்டும் வரவில்லை.

காரணம், சர்வரிடம் தகவல் கேட்கும் ஃபெட்ச் வரியில் இருந்தது. அங்கே 'லோக்கல்ஹோஸ்ட்:3000' என்று கையால் எழுதியிருந்தார். லோக்கல்ஹோஸ்ட் என்பது 'வீட்டில் இருக்கிறது' என்று சொல்வது போல. ராயபுரத்துக்காரர் சொன்னால் அவர் வீடு, திருவொற்றியூர்க்காரர் சொன்னால் இவர் வீடு. ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது போனில். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் போன்தான். போனில் ஏது சர்வர்?

படி 1: லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, கன்சோலில் 'விண்டோ.லொகேஷன்.ஆரிஜின்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பக்கம் எங்கிருந்து வந்ததோ அந்த முகவரி முழுதாக வரும். ஆரிஜினுக்குப் பதில் 'ஹோஸ்ட்நேம்' என்றால் பெயர் அல்லது ஐபி மட்டும். 'ஹோஸ்ட்' என்றால் போர்ட்டும் சேர்ந்து வரும். வழக்கமான 80, 443 போர்ட்டாக இருந்தால் எண் தெரியாது, பயப்படாதீர்கள்.

படி 2: பக்கமும் தகவலும் ஒரே சர்வரா? அப்படியானால் முகவரியே வேண்டாம். சாய்கோட்டில் தொடங்கும் பாதையை மட்டும் ஃபெட்சுக்குக் கொடுங்கள். மீதியை பிரவுசர் சேர்த்துக்கொள்ளும். முடிந்தவரை இப்படியே அமையுங்கள் என்பேன்.

படி 3: தம்பிக்குப் பக்கம் 5500இல், விலை 3000இல். அப்போது விண்டோ.லொகேஷன் தரும் 'புரோட்டோகால்' ('எச்டிடிபி:' போன்ற தொடக்கம்), இரண்டு சாய்கோடு, 'ஹோஸ்ட்நேம்', ':3000' என்று ஒட்ட வேண்டும். புரோட்டோகாலிலேயே முக்காற்புள்ளி இருக்கிறது, இன்னொன்று போட்டால் கெட்டுவிடும்.

போர்ட் மாறினாலே பிரவுசருக்கு அது வேறு ஆரிஜின், அதாவது வேறு இடம். அதனால் வேறு ஆரிஜினிலிருந்து வந்த பக்கமும் தகவலைப் படிக்கலாம் என்ற கார்ஸ் (CORS) அனுமதியைச் சர்வரில் கொடுங்கள். அப்புறம் சர்வர் 127.0.0.1இல், அதாவது லோக்கல்ஹோஸ்டில், மட்டும் காது கொடுத்தால் போன் கூப்பிடுவது கேட்காது, எல்லா முகவரியிலும் கேட்க 0.0.0.0 என்று மாற்றுங்கள்.

பக்கம் ஒரு டொமைனிலும் தகவல் வேறு டொமைனிலும் இருந்தால் இந்த வழி உதவாது. முகவரியைத் தனி கான்ஃபிக் கோப்பில் வையுங்கள்.

சர்வரின் ஐபிதான் வேண்டுமென்றால், எஃப்12இல் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஒரு கோரிக்கையைச் சொடுக்கி, 'ரிமோட் அட்ரஸ்' வரியைப் பாருங்கள். நடுவில் சிடிஎன் (சர்வருக்குப் பதில் பக்கத்தை எடுத்துத் தரும் இடைச் சர்வர்கள்) இருந்தால் அங்கே தெரிவது சிடிஎன்னின் ஐபி.